ஏரியூர்க் கடலும் ஒரு விருந்தாளியும்

ஏரியூருக்கு மேற்கே ஒரு கடல் இருந்தது என்று சொன்னால் பூகோளம் படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். 'ராயல் பீச் ஓட்டல்' என்று ஒன்று அங்கே நடந்துகொண்டிருந்த நாளில் அப்படிச் சிரித்தவர்களை வேலையை விட்டே நீக்கினார்கள். சமையற்காரர் ஒருவர் போனது அப்படித்தான். அடுப்படியில் நின்றுகொண்டு, "ஆத்துத் தண்ணியில எத்தினி மூட்டை உப்பைக் கொட்டினாலும் அது கடலாயிடுமா?" என்று கேட்டாராம். கேட்டது மேனேஜர் காதில் விழுந்துவிட்டது.

மேட்டூரில் அணை எழும்பி, காவிரித் தண்ணீர் பின்பக்கமாக ஏறி வந்து, ஆற்றோரத்து ஊர்களையும் கொல்லை என்கிற விளைநிலங்களையும் மூடிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மூடின தண்ணீரைப் பார்த்து ஊர்க்காரர்கள் அழுதார்கள். அதே தண்ணீரைப் பார்க்கப் பட்டணத்திலிருந்து மோட்டாரில் வந்த சில கனவான்கள், "எதிர்க்கரையே தெரியவில்லையே, இது கடல் அல்லாமல் வேறென்ன?" என்றார்கள். அன்றைக்குக் காலையில் நல்ல பனி. வெயில் ஏறி எதிர்க்கரை தெரிவதற்குள் அவர்கள் கம்பெனி ஆரம்பித்து, டைரக்டர்களையும் நியமித்துவிட்டார்கள். கட்டடம் எழும்பியது. வெள்ளைச் சுண்ணாம்பு, நீல ஜன்னல், வாசலில் இரண்டு சிமெண்டு நங்கூரம்.

அவர்கள் விசாரிக்க மறந்த விஷயம் ஒன்று உண்டு. அணையில் தேங்கின தண்ணீர் வருஷம் முழுதும் ஒரே இடத்தில் நிற்காது. தை கழிந்து மாசி பிறந்ததும் அது மெல்ல மெல்லப் பின்வாங்கும். முங்கிக் கிடந்த கொல்லைகள் ஒவ்வொன்றாக வண்டல் பூசிக்கொண்டு வெளியே வரும். அந்த மண்ணில் யார் முதலில் ஏர் பூட்டி ஒரு சுற்று ஓட்டி முடிக்கிறாரோ அந்தப் போகம் அவருடையது. அது ஊர் வழக்கம். பட்டா, பாகப்பிரிவினை எல்லாம் தண்ணீரோடு போன சங்கதி. ஆனாலும் ஒருவர் அப்பன் கொல்லையில் இன்னொருவர் ஏர் பூட்டுவது அவ்வளவாக நடக்காது. அவ்வளவாக என்றுதான் சொல்கிறேன்.

பெரியண்ணனுடைய அப்பன் கொல்லை சரியாக அந்த ஓட்டலுக்கு எதிரே முங்கிக் கிடந்தது. அந்த மாசியில் அது வெளியே வந்தபோது கிணற்றின் வாய்க்கல்லைப் பார்த்ததுமே அவருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. மேட்டில் அவருக்கு மிச்சமிருந்தது சரளைக் காடு. இரண்டு வருஷமாக மழையில்லாமல் அங்கே கொள்ளுகூட முளைக்கவில்லை. இந்த வண்டலில் எள்ளு விதைத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். பதம் இருக்கும்போதே விதைக்க வேண்டும், நாலு நாள் வெயில் காய்ந்தால் மண் பாளம் பாளமாக வெடித்துவிடும். போதாக்குறைக்கு அவருடைய பங்காளி காளியப்பன், "வெள்ளிக்கிழமை காத்தால நான் ஏர் பூட்டறேன், முடிஞ்சா தடுக்கச் சொல்லு" என்று சந்தையில் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

பெரியண்ணன் அதற்கு முன்பே ஏர் பூட்டியிருப்பார். ஆனால் அந்த வருஷம் ஓட்டல்காரர்கள் கொல்லையைச் சுற்றிச் சிவப்புக் கொடி நட்டு, 'கடல். அந்நியர் இறங்கக் கூடாது' என்று பலகையும் அடித்துவிட்டார்கள். சர்க்கார் சமாசாரமாக இருக்குமோ என்று அவருக்குப் பயம். ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓட்டுவோம் என்று புதன்கிழமை துவைத்த வேட்டியும் சட்டையுமாகப் புறப்பட்டார். கேட்டு வாங்குகிற பழக்கம் உள்ளவர். அதனால் வந்தது வினை.

அவர் செய்த தப்பு, முன்வாசல் வழியாக உள்ளே போனது.

அந்தச் சமயத்தில் ஓட்டலில் ஒரே ஒரு விருந்தாளிகூட இல்லை. கடைசியாக இருந்த பெங்களூர்க்காரர், "கடல் மேட்டூருக்குப் போய்விட்டதாகத் தெரிகிறது, நானும் அங்கேயே போகிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தார். வெள்ளிக்கிழமையோ மாகாணக் கடற்கரை விடுதிச் சங்கத்தின் செயலாளர் நேரில் வருகிறார். அவர் பார்வையிட்டு, இது முதல் தரக் கடற்கரைதான் என்று சான்றிதழ் தந்தால்தான் ஓட்டல் நிலைக்கும். தராவிட்டால் மேனேஜர் சவுரியப்பன் மூட்டை கட்ட வேண்டியதுதான். விருந்தாளி இல்லாத ஓட்டலுக்கு எப்படிச் சான்றிதழ் கேட்பது என்று அந்த மனுஷர் நங்கூரத்தைப் பிடித்துக்கொண்டு கலங்கி நின்றபோதுதான் பெரியண்ணன் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார்.

சவுரியப்பன் கோலார் தங்கவயலில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் பட்லராக இருந்தவர். பித்தளைப் பொத்தான் வைத்த கோட்டு போட்டிருப்பார். அவர் ஓடிவந்து பெரியண்ணன் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டார்.

"வாங்க சார், வாங்க! பிரயாணமெல்லாம் சௌகரியமா?"

"நடந்துதானுங்க வந்தேன். அந்தக் கொல்லை விஷயமா..."

"நடந்தா! வாக்கிங்! துரைமாருங்களுக்குத்தான் அந்தப் பழக்கம் இருக்கும். ரூம் ரெடியா இருக்குதுங்க சார்."

"ரூமு எதுக்குங்க? ஆபீசுல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிடறனுங்க."

சவுரியப்பன் முகம் வாடிப்போயிற்று. "ஆபீசுல பேசறவங்கெல்லாம் கூலிக்காரங்க, கறிகாய் போடறவங்க. அவங்க பின்வாசல்ல வருவாங்க. முன்வாசல்ல வந்தவங்க கெஸ்டு. கெஸ்டுக்கு ஆபீசுல பேச எதுவுமே இருக்கக் கூடாது. இருந்தா எங்க கவனிப்புல குறைன்னு அர்த்தங்க சார்."

"அப்படின்னா ஒரு சுத்து சுத்திப் பின்வாசலுக்குப் போயிட்டு வரட்டுங்களா?"

"கெஸ்டைப் பின்வாசல்ல வுட்டேன்னு தெரிஞ்சா என் சீட்டு கிழிஞ்சிடும். எனக்கும் புள்ளைக்குட்டி இருக்குதுங்க சார்."

பிள்ளைக்குட்டி என்றதும் பெரியண்ணன் பின்வாசல் பேச்சை விட்டுவிட்டார். சரி, மேலுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பக்குவமாகக் கேட்போம் என்று குளியலறைக்குள் போனார். குளித்துவிட்டு வந்து பார்த்தால் வேட்டியையும் சட்டையையும் காணோம். விருந்தாளியின் துணி அவர் கேட்காமலே சலவைக்குப் போய்விட வேண்டும் என்பது அந்த ஓட்டலின் பெருமைகளில் ஒன்று. சலவைக்காரர் இருந்தது தர்மபுரியில். துணி சனிக்கிழமைதான் திரும்புமாம். அதற்குப் பதிலாகக் கட்டிலின் மேல் பூப்போட்ட நீள அங்கி ஒன்றும், கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட குளியல் உடுப்பு ஒன்றும் மடித்து வைத்திருந்தார்கள். குளியல் உடுப்பு தோளில் ஆரம்பித்துத் தொடை பாதியில் முடிந்துபோயிற்று.

அந்த அங்கியோடு ஊருக்குள் போனால் என்ன ஆகும் என்று பெரியண்ணன் யோசித்துப் பார்த்தார். கூத்துக்காரன் வந்துவிட்டான் என்று சிறுசுகள் பின்னாலேயே ஓடிவரும். காளியப்பன் சந்தைக்குச் சந்தை சொல்லிச் சிரிப்பான். மகளைப் பெண் கேட்டு வரப்போகிற சம்பந்தி வீட்டுக்கும் சேதி போகும். மானத்துக்குப் பயந்த மனுஷரை ஓர் இடத்தில் கட்டிப்போடச் சங்கிலி எதற்கு? அவர் அங்கியைப் போட்டுக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

ஜன்னல் வழியாக அவருடைய கொல்லை தெரிந்தது. பக்கத்தில் வந்து நின்ற சவுரியப்பன், "கடல் பார்த்த ரூமுங்க சார். இதுதான் எங்ககிட்ட உசத்தி" என்றார்.

"அந்தக் கல்லு தெரியுது பாருங்க. அது எங்க கிணத்து வாய்க்கல்லு."

"அது பாறைங்க சார். கப்பல் வந்து மோதிடக் கூடாதுன்னு அங்க ஒரு வெளக்குக் கூண்டு கட்டப் போறாங்க. டைரக்டருங்க தீர்மானம் போட்டாச்சு."

"எங்க அப்பன் தோண்டின கிணறுங்க."

"பாறையைத் தோண்டினாரா! பெரிய ஆளுதான்" என்று சவுரியப்பன் மரியாதையாகச் சொல்லிவிட்டுத் திரை இழுத்துக் கட்டினார்.

அன்று சாயங்காலம் பெரியண்ணனுக்குக் கடற்காற்று கொடுக்கப்பட்டது. வராந்தாவில் கித்தான் நாற்காலி போட்டு அவரைச் சாய்த்து வைத்தார்கள். காற்று வருகிற பக்கமாக மாது என்ற ஆள் ஈர உப்பு மூட்டை ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு முறத்தால் விசிறினார். கொஞ்ச நேரத்தில் பெரியண்ணனுக்குக் கண்ணெரிச்சல் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்த சவுரியப்பன், கடலைப் பார்த்துக் கண்ணீர் விடுவது உயர்ந்த ரசனை என்று பாராட்டினார். சுவருக்கு அந்தப்பக்கம் அலையோசை கேட்டது. இன்னாசி என்பவர் தகரத்தட்டில் சரளைக்கல்லைப் போட்டு முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு இருமல் வந்தபோதெல்லாம் கடல் நின்று நின்று அடித்தது. கடல் உணவு என்று பரிமாறினது சந்தையில் வாங்கின கருவாடு. அது ஒன்றுதான் பெரியண்ணனுக்குப் பிடித்திருந்தது. களி இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார். களி என்ற பேச்சை எடுத்ததும் பரிமாறுகிறவர்கள் தலை குனிந்துகொண்டார்கள்.

வியாழக்கிழமை காலையில் அவர் சும்மா இருக்க முடியாமல் முற்றத்தில் உட்கார்ந்து கோரைப்புல்லைப் பிடுங்கினார். சவுரியப்பன் ஓடிவந்து புல்லைக் கையிலிருந்து பிடுங்கித் திரும்பவும் மண்ணில் நட்டார். "கெஸ்டு வேலை செய்யக் கூடாதுங்க சார். ஓய்வெடுக்கணும். ஓய்வெடுக்காம இருக்கறீங்கன்னு எழுதிட்டாங்கன்னா என் கதி என்ன?" அதற்கப்புறம் அவர் ஓய்வெடுக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள இரண்டு பேரை நியமித்தார்கள். கையை எடுத்து முட்டியில் வைத்தால்கூட ஒருவர் வந்து நாற்காலியின் கைமேல் வைத்துவிட்டுப் போனார். உடம்பு வலிக்க வலிக்க ஓய்வெடுத்தார் பெரியண்ணன். எதிரே வெயிலில் மண் வெளுத்துக்கொண்டே வந்தது. வெளுப்பு ஏற ஏற அவருக்கு அழுகை வந்தது. உப்பு மூட்டை இன்னும் பிரிக்கப்படவில்லை என்பதால் அதை யாரும் ரசனை என்று சொல்லவில்லை.

கொல்லையின் நடுவே மூங்கில் மேடை ஒன்று போட்டிருந்தார்கள். அதன்மேல் மோட்டார் டயர் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊதலோடு நின்றவன் ஆண்டி. தண்ணீர் இருந்த காலத்தில் பரிசல் ஓட்டினவன். இப்போது கடலில் மூழ்குகிறவர்களைக் காப்பாற்றும் உத்தியோகம். காய்ந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு காலையிலிருந்து இருட்டும் வரை நிற்பான். மத்தியானச் சோற்றுக்கு வந்தபோது அவன் யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துக் கிட்டே வந்தான்.

"பெரிண்ணா, என்னாண்ணா இது, பூப்போட்ட அங்கியெல்லாம் போட்டுக்கினு?"

"அதைக் கேக்காதடா. எம் பொழப்பு போவப் போவுது. நாளைக்குக் காத்தால காளியப்பன் ஏர் பூட்டிடுவான். நீ இன்னைக்கே எங்க வூட்டுக்குப் போயி, ஏரும் மாடும் ஓட்டியாந்து கொல்லை ஓரத்துல நிறுத்துன்னு உங்கண்ணிகிட்ட சொல்லிடு."

"ஓட்டியாந்துட்டா? யாரு வந்தாலும் ஊதச் சொல்லி உத்தரவு. கெஸ்டு தவுர ஒரு ஈ காக்கா கடலுக்குள்ள எறங்கக் கூடாதாம்."

"நீ போய்ச் சொல்லுடா. மத்ததை அப்புறம் பாக்கலாம்."

அப்புறம் என்ன பார்ப்பது என்று அவருக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வெயில் ஏறுமுன்னே செயலாளர் வந்துவிட்டார். தலையில் தொப்பி, பின்னால் சிவப்புப் பட்டை போட்ட டவாலிச் சேவகன் ஒருவன். கடற்கரைச் சங்கத்தைத் தொடங்கினதே அவர்தான். கடற்காற்று உடம்புக்கு ஒத்துக்கொள்ளாததால் கடல் பக்கம் மட்டும் அவர் போனதில்லை. வராந்தாவில் உட்கார்ந்து ஒரு கிளாஸ் சாத்துக்குடி ரசம் குடித்துவிட்டு, எதிரே பரந்து கிடந்த வண்டலைப் பார்த்தார்.

"கடல் இன்று அமைதியாக இருக்கிறது" என்றார்.

"நீங்க வர்றது தெரிஞ்சு அடங்கியிருக்குதுங்க" என்றார் சவுரியப்பன். விடிவதற்கு முன்பே வண்டி வண்டியாகத் தண்ணீர் கொண்டுவந்து கரையோரத்தில் ஊற்றியிருந்தார்கள். ஊற்றின அடையாளம்கூட இப்போது இல்லை.

"விருந்தாளிகள் குளிப்பார்கள் அல்லவா? குளிப்பதைப் பார்த்துவிட்டால் என் வேலை முடிந்துவிடும்."

சவுரியப்பன் பெரியண்ணனின் அறைக்கு ஓடினார். கதவைச் சாத்திவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். "சார், அந்தப் பட்டை உடுப்பைப் போட்டுக்கினு ஒரே ஒரு தரம் அந்தப் பாறை வரைக்கும் நடந்து போயி, ரெண்டு கையையும் ஆட்டிட்டு வந்துடுங்க. நீந்தற மாதிரி இருந்தாப் போதும். உங்களை என் கூடப் பொறந்தவரா நெனச்சுக் கேக்கறேன்."

பெரியண்ணன் உடுப்பைப் போட்டுக்கொண்டார். மேலே ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். கொடிக்கு அந்தப்பக்கம் ஊரே திரண்டிருந்தது. ஓட்டலுக்குத் தொப்பிக்காரர் வந்திருக்கிறார் என்ற சேதி அதற்குள் பரவியிருந்தது. தெற்கே அவர் பெண்சாதி பாஞ்சாலி, மாடு இரண்டையும் நுகத்தடியில் பூட்டி, ஏர்க்காலைப் பிடித்தபடி கொடியோரத்தில் நின்றாள். வடக்கே காளியப்பனும் ஏரோடு நின்றான். ஆண்டி ஊதலை இந்தப்பக்கம் ஒருமுறையும் அந்தப்பக்கம் ஒருமுறையுமாக ஊதிக்கொண்டிருந்தான்.

"எவண்டா அவன், காஞ்ச மண்ணுல நின்னுக்கினு ஊதறவன்? வழி வுடுடா!" என்று காளியப்பன் கத்தினான்.

"கெஸ்டு மட்டுந்தான் எறங்கலாம். தோ, டவாலி பாக்கறாரு பாரு."

காளியப்பன் சிவப்புப் பட்டையைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினான். டவாலி வெற்றிலை மடிக்கத் திரும்பினான். காளியப்பன் மாட்டை அதட்டி, ஒரு காலைக் கொடிக்கு உள்ளே வைத்தான்.

பெரியண்ணன் அதைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் எதையும் யோசிக்கவில்லை. துண்டு எங்கே விழுந்ததென்று தெரியாது. கறுப்பும் வெள்ளையுமான அந்த உடுப்போடு, ரோமம் அடர்ந்த தொடையும் மண்வெட்டி பிடித்துக் காய்த்த கையுமாக, ஊர் மொத்தமும் பார்க்கத் தெற்கே ஓடினார். யாரோ ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோருமே சிரித்தார்கள். பாஞ்சாலி மட்டும் சிரிக்கவில்லை. தன் புருஷன்தான் என்று தெரிந்துகொள்ளவே அவளுக்கு நேரம் பிடித்தது.

"ஏங்க... இதென்னாங்க கோலம்?"

"கோலம் கெடக்குது. மாட்டை இப்படி வுடு."

கொழுவை மண்ணில் இறக்கி மேழியை அழுத்தினார். மண் நெகிழ்ந்து கொடுத்தது. மேலே வெளுத்திருந்தாலும் உள்ளே ஈரம் இருந்தது. பதம் போகவில்லை. அது உள்ளங்கை வழியாகத் தெரிந்ததும், பெரியண்ணனுக்கு இரண்டு நாளாக அடைத்திருந்த மூச்சு வெளியே வந்தது. "ஹை, ஹை" என்று மாட்டை விரட்டினார். ஆண்டி பழக்கத்தில் ஊதலை வாய்க்குக் கொண்டுபோனவன், இறங்கியிருப்பது விருந்தாளி என்று நினைவு வந்து அதைக் காளியப்பன் பக்கமாகத் திருப்பி ஊதினான். டவாலியும் வெற்றிலையை வாயில் அதக்கிக்கொண்டு திரும்பிவிட்டான். காளியப்பன் வைத்த காலை எடுத்துக்கொண்டான்.

வராந்தாவில் செயலாளர் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "விருந்தாளி என்ன செய்கிறார்?"

சவுரியப்பனுக்கு வேர்த்துக் கொட்டியது. "படகு ஓட்டறாருங்க. நாட்டுப் படகு. எங்ககிட்ட அந்த வசதியும் உண்டுங்க."

"முன்னால் இரண்டு போகிறதே?"

"இஞ்சினுங்க."

"இஞ்சினுக்கு வால் இருக்கிறது."

"பழைய மாடலுங்க."

செயலாளர் தலையை ஆட்டினார். பெரியண்ணன் கொல்லையை ஒரு சுற்று முடித்து, நிறுத்த மனமில்லாமல் உள்ளே உள்ளே ஓட்டிக்கொண்டிருந்தார். வெளுத்த மண்ணில் கறுப்பாகச் சால் விழுந்தது. ஒரு சாலுக்குப் பக்கத்தில் இன்னொரு சால், கயிறு பிடித்த மாதிரி. செயலாளர் எழுந்து கைப்பிடிச் சுவர் வரைக்கும் வந்துவிட்டார்.

"அலைகள்!" என்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "நேராக, வரிசையாக, சம இடைவெளியில்! வேறு எந்தக் கடற்கரையிலும் அலைகளிடம் இந்த ஒழுங்கு கிடையாது என்று எனக்கு எழுதுகிறார்கள். முன்னே பின்னே வருகின்றனவாம்."

சுற்று முடிந்ததைக் காளியப்பனும் பார்த்தான். வழக்கம் வழக்கம்தான். அதை மீறினால் நாளைக்கு அவன் கொல்லையில் வேறொருவன் ஏர் பூட்டுவான். அவன் மாட்டைத் திருப்பிக்கொண்டு, "சரி, உனக்கே இருக்கட்டும்டா. அந்தப் பட்டை போட்ட சல்லடத்தை மட்டும் கழட்டிட்டு ஊருக்குள்ள வா" என்று கத்திவிட்டுப் போனான். பாஞ்சாலிக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தாள். மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்த விதை எள்ளு கொஞ்சம் மண்ணில் சிந்திற்று.

சாயங்காலம் சான்றிதழ் வழங்கும் கூட்டம் நடந்தது. பூப்போட்ட அங்கியில் பெரியண்ணனை முதல் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். செயலாளர் பேசினார்.

"கனவான்களே! கடல் என்றால் தண்ணீர் என்று பாமரர்கள் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் சொல்கிறேன், கடற்கரை விடுதிகளுக்கு இன்றுவரை நேர்ந்த தொல்லை அத்தனையும் தண்ணீரால்தான் நேர்ந்தது. அது ஜமுக்காளத்தை நனைக்கிறது. சில சமயம் விருந்தாளியையே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது, அப்புறம் அவர் உறவினர்களோடு நாங்கள் கடிதப் போக்குவரத்து நடத்த வேண்டியிருக்கிறது. அந்தக் குறையை இந்த ஓட்டல் அடியோடு நீக்கிவிட்டது. நான் கடலை நேரில் கண்டவன் அல்லன். ஆகவேதான் என்னால் பாரபட்சம் இல்லாமல் தீர்ப்புச் சொல்ல முடிகிறது. இந்த இடத்தில் முன்பு சிலருக்கு நிலம் இருந்ததாம். தங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவர்களுக்கு வருத்தமாம். கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டார்கள். எனவே கேட்காமல் விட்டதே முறை. அவர்களும் ஒருநாள் இந்த ஓட்டலுக்கு விருந்தாளியாக வந்து தங்கள் இழப்பை உயரமான வராந்தாவிலிருந்து பார்க்கும்போது மனச்சமாதானம் அடைவார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை."

எல்லோரும் கை தட்டினார்கள். ஓய்வெடுக்க வைக்கும் ஆட்கள் இருவரும் ஆளுக்கு ஒரு கையாகப் பிடித்துப் பெரியண்ணன் கையையும் தட்ட வைத்தார்கள்.

சான்றிதழில் கண்ட அலைகளை எப்போதும் அதே வரிசையில் வைத்துப் பாதுகாக்க வேண்டும் என்பது சங்கத்தின் நிபந்தனை. அதனால் பெரியண்ணன் வேட்டி சலவையிலிருந்து வந்து, அவர் அதைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன பிறகும், அந்தக் கொல்லைக்குள் அவரையும் பாஞ்சாலியையும் தவிர ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட ஓட்டல்காரர்கள் விடவில்லை. ஆண்டி ஊதி ஊதியே காவல் காத்தான். அப்படி ஒரு காவல் ஜமீன் கொல்லைக்குக்கூடக் கிடைத்திருக்காது. எள்ளு முளைத்தபோது கடல் பச்சை நிறம் கொண்டிருக்கிறது என்று சவுரியப்பன் டைரக்டர்களுக்குக் கடிதம் எழுதினார். பூத்தபோது நுரை தள்ளுகிறது என்று எழுதினார். வைகாசி முடிவதற்குள் அறுத்துக் கட்டி, உலர்த்தி, உதறி, பெரியண்ணன் வீட்டில் குதிர் நிறைய எள்ளு சேர்ந்தது. சம்பந்தி வீட்டுக்காரர்கள் வந்து பெண்ணைப் பார்த்துவிட்டு எள்ளுருண்டை தின்றுவிட்டுப் போனார்கள். பட்டை உடுப்பைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. பாஞ்சாலி அதைத் தானாகவே சொல்லி அவர்களையும் சிரிக்க வைத்தாள்.

ஆடியில் மைசூர்ப் பக்கம் மழை பிடித்துக்கொண்டு, காவிரி இரண்டு கரையும் முட்ட வந்தது. அணை நிரம்பி, தண்ணீர் பழையபடி ஏறிக் கிணற்றின் வாய்க்கல்லை மூடி ஓட்டல் படி வரைக்கும் நின்றது. எதிர்க்கரை தெரியவில்லை. ஆடிக் காற்றில் உண்மையாகவே அலை அடித்தது. சவுரியப்பன் வாழ்க்கையில் முதல் தடவையாக நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த வாரமே மறு பார்வைக்குச் செயலாளர் வந்தார். படியில் நின்று பார்த்தவர் அதிர்ச்சி அடைந்துவிட்டார். அலைகள் கோணல் மாணலாக இருந்தன. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடைவெளி ஒத்துப்போகவில்லை. நிற்கச் சொன்ன இடத்தில் ஒன்றுகூட நிற்கவில்லை. இது எல்லாவற்றையும் விட, கடல் ஈரமாக இருந்தது. அவருடைய செருப்பு நனைந்துபோயிற்று. கடலை உடனே முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவராவிட்டால் சான்றிதழ் ரத்து செய்யப்படும் என்று சொல்லிவிட்டு, ஈரச் செருப்பைக் கையில் பிடித்தபடி மோட்டாரில் ஏறினார்.

மறுநாள் காலையில் பெரியண்ணன் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தபோது சவுரியப்பன் வந்து நின்றார். கோட்டுப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தது. பாவம், முகம் சுண்டிப்போயிருந்தது.

"சார்" என்றார். வீட்டு வாசலிலும் அவருக்கு அந்தப் பேச்சு மாறவில்லை. "எப்படியாவது என்னைக் காப்பாத்தணும். உங்க ஏரைக் கொண்டாந்து அந்த அலையை மட்டும் ஒரு தரம் நேரா ஓட்டிக் குடுத்துடுங்க."

பெரியண்ணனுக்கு அவர்மேல் கோபம் இல்லை. உள்ளே திரும்பி, "பாஞ்சாலி, மேனேஜருக்குக் குடிக்கக் கூழு கொண்டா" என்றார். பிறகு தவிட்டுக் கையை உதறிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"தண்ணி நிக்கற வரைக்கும் அது உங்க கடலுங்க. அதுல நான் கை வெக்க மாட்டேன். வடியட்டும். கேக்காமலே வந்து ஏர் பூட்டறேன்."